இணையம் இல்லாத கணினிகளுக்கு டெபியன் நிறுவல் வட்டு: டிபெண்டென்சி சிக்கலை அவிழ்க்கும் வழி

இணைய இணைப்பே இல்லாத ஒரு கணினிக்கூடம். இருபது முப்பது கணினிகளில் ஒரே மாதிரி லினக்ஸ் நிறுவ வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகை தரும் நெட்இன்ஸ்ட் வட்டு இங்கே பாதி வழியில் கைவிட்டுவிடும். அடிப்படை அமைப்பை நிறுவி முடித்ததும் மற்றதை இணையத்தில் தேட ஆரம்பிக்கும். முழு டிவிடியில் ஏராளமான பேக்கேஜ்கள் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதிகள்) இருந்தாலும், நமக்கு வேண்டிய அந்த நாலைந்து அதில் இருக்கும் என்று உறுதியில்லை. அதனால்தான் சொந்தமாக ஒரு வட்டு தேவைப்படுகிறது.

வட்டுக் கோப்பை உருவாக்குவது பெரிய வேலையே இல்லை, கருவி பார்த்துக்கொள்ளும். எந்தெந்த பேக்கேஜ் வட்டுக்குள் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் புதியவர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு பேக்கேஜ் வேலை செய்ய வேறு எவை வேண்டும் என்ற சார்புதான் டிபெண்டென்சி. சிக்கலின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: கணக்குப் போடும் கணினி வேறு, வட்டு போய்ச் சேரும் கணினி வேறு. உங்கள் கணினியில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் இருக்கின்றன. அந்தக் கணினியில் ஒன்றுமே இல்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு, புக்வோர்ம் என்று பெயரிடப்பட்ட டெபியன் 12-இல் ஏஎம்டி64 (வழக்கமான 64 பிட்) கணினிகளுக்கான வட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், லிப்ரேஆஃபிஸ், தமிழ்99 தட்டச்சு, சி கம்பைலர், வெளியார் தந்த ஒரு டெப் கோப்பு (டெபியன் பேக்கேஜ் கோப்பு) ஆகியவை அதில் வேண்டும். வட்டு உருவாக்கும் கணினியிலும் டெபியன் 12 இருப்பது நல்லது. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறோம். முனையத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஒரு பேக்கேஜ் என்ன கேட்கிறது

முதலில் ஒரு பேக்கேஜின் விவரத்தைப் படிக்கப் பழகுங்கள்.

ஆப்ட்-கேஷ் ஷோ பில்ட்-எசென்ஷியல்

வரும் விவரத்தில் டிபெண்ட்ஸ் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். லிப்சி6-டெவ் | லிப்சி-டெவ், ஜிசிசி, ஜி++, மேக், டிபிகேஜி-டெவ் என்று வரிசையாக இருக்கும். காற்புள்ளி என்றால் எல்லாமே வேண்டும். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு, இரண்டில் ஒன்று போதும் என்று சொல்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிப்பு நிபந்தனை; டிபிகேஜி-டெவ்வுக்குப் பக்கத்தில் >= 1.17.11 என்று இருப்பது அந்த வகை. லிப்சி-டெவ் என்ற பெயரில் உண்மையில் ஒரு டெப் கோப்பு கிடையாது. அது மெய்நிகர்ப் பெயர். லிப்சி6-டெவ் தன் ப்ரொவைட்ஸ் வரியில் 'அந்தப் பெயருக்கும் நானே' என்று அறிவித்துக்கொள்கிறது. மெய்நிகர்ப் பெயரைக் கோப்பாகத் தேடி அலைவது புதியவர்களின் முதல் அலைச்சல்.

டிபெண்ட்ஸ் இல்லாவிட்டால் நிறுவல் நின்றுவிடும். ப்ரீ-டிபெண்ட்ஸ் இன்னும் கறாரானது: கேட்ட பேக்கேஜ் முழுதாக நிறுவி முடிந்தால்தான் இதைத் தொடவே முடியும். சஜஸ்ட்ஸைத் தாராளமாக மறந்துவிடலாம். கான்ஃப்ளிக்ட்ஸும் பிரேக்ஸும் யார் யாரோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்பதற்கான வரிகள்.

பரிந்துரை வரியான ரெக்கமெண்ட்ஸ்தான் ஆபத்தானது. டெபியனின் பேக்கேஜ் நிறுவும் கருவியான ஆப்ட் இயல்பாகவே இவற்றையும் சேர்த்து நிறுவும். ஆனால் கிடைக்காவிட்டால் பிழை எதுவும் காட்டாமல் மேலே போய்விடும். ஒரு பயன்பாட்டுக்கு வேண்டியவற்றை ஒன்றாகத் திரட்டித் தரும் டெபியனின் டாஸ்க் பேக்கேஜ்களில் பெரும்பகுதி இந்த வரியில்தான் இருக்கிறது. டாஸ்க்-டெஸ்க்டாப் பேக்கேஜுக்கு ஃபயர்ஃபாக்ஸ்கூட டிபெண்ட்ஸ் இல்லை, ரெக்கமெண்ட்ஸ்தான். வட்டில் ஃபயர்ஃபாக்ஸை விட்டுவிட்டால் நிறுவல் பச்சைக்கொடி காட்டி முடியும்; திறந்து பார்த்தால் டெஸ்க்டாப்பில் பிரவுசர் இருக்காது.

வேலைக்கு ஆகாத இரண்டு வழிகள்

உங்கள் கணினியில் ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கட்டளையோடு --டவுன்லோட்-ஒன்லி சேர்த்து ஓட்டி, /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் அடைவில் சேர்ந்த கோப்புகளை வட்டில் போடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆப்ட் இறக்குவது உங்கள் கணினியில் இல்லாதவற்றை மட்டுமே. சி கம்பைலரான ஜிசிசி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அது இறங்காது, அதன் லைப்ரரிகளும் இறங்காது. வட்டு உங்கள் மேசையில் சரியாக வேலை செய்யும், கூடத்தில் செய்யாது. இன்னொரு தொல்லையும் உண்டு. ஜிசிசியின் பதிப்பு 4:12.2.0-3 என்று ஒரு முன்னொட்டு எண்ணோடு வரும். கேஷ் அடைவில் அந்த முக்காற்புள்ளி %3ஏ என்று மாறிக் கோப்புப் பெயரில் உட்கார்ந்திருக்கும். களஞ்சியத்தில் (டெபியன் பேக்கேஜ்களைச் சேமித்து வைத்திருக்கும் இணைய இடத்தில்) உள்ள கோப்புப் பெயரில் அந்த முன்னொட்டே இருக்காது. கையால் நகலெடுத்து அட்டவணை போடுபவர்கள் இங்கே குழம்புவார்கள்.

இரண்டாவது, ஆப்ட்-கேஷ் டிபெண்ட்ஸ் கட்டளையை --ரிகர்ஸ் சேர்த்து ஓட்டுவது. இது நேர்மாறான கோளாறு. 'இதுவோ அதுவோ' என்ற இடத்தில் இரண்டையும் எடுக்கும், ஒரு மெய்நிகர்ப் பெயரை யாரெல்லாம் தருகிறார்களோ அத்தனை பேரையும் இழுத்து வரும். சின்னப் பட்டியல் கேட்டால் பாதி களஞ்சியம் வந்து நிற்கும்.

வெறும் கணினியின் கண்ணால் பார்ப்பது

சரியான வழி, ஒன்றுமில்லாத ஒரு சின்ன டெபியனை ஓர் அடைவுக்குள் உருவாக்கி, கேள்வியை அதனிடம் கேட்பது.

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிபூட்ஸ்ட்ராப் சிம்பிள்-சிடிடி டோஸ்-டிஸ்ட்செக் ஆப்ட்-ஃபைல்

சூடோ டிபூட்ஸ்ட்ராப் --வேரியண்ட்=மின்பேஸ் புக்வோர்ம் /எஸ்ஆர்வி/லேப்

இது இணையத்திலிருந்து மிகக் குறைந்த பேக்கேஜ்களை மட்டும் இறக்கி அந்த அடைவில் ஓர் அமைப்பை எழுப்பும். அதற்குள் களஞ்சிய முகவரிகளைக் கொண்ட சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் மெயின் பிரிவு மட்டுமே இருக்கும். புக்வோர்ம்-செக்யூரிட்டி, புக்வோர்ம்-அப்டேட்ஸ் வரிகளையும், தேவைப்பட்டால் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏற்றும் மென்பொருள்) பிரிவையும் சேர்த்து, உள்ளே ஒருமுறை ஆப்ட்-கெட் அப்டேட் கொடுங்கள். பிறகு:

சூடோ சிஹெச்ரூட் /எஸ்ஆர்வி/லேப் ஆப்ட்-கெட் --சிமுலேட் இன்ஸ்டால் டாஸ்க்-எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப் பில்ட்-எசென்ஷியல் ஐபஸ்-எம்17என்

எதுவும் நிறுவப்படாது. நிறுவினால் என்னென்ன வரும் என்று, ஒவ்வொன்றுக்கும் 'இன்ஸ்ட்' என்று தொடங்கும் ஒரு வரி அச்சாகும். அந்த வரிகளை மட்டும் கிரெப் மூலம் பிரித்தெடுத்துக் கோப்பில் சேமியுங்கள். அதே கட்டளையை --நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ் சேர்த்து மறுபடி ஓட்டி, இரண்டு கோப்புகளையும் டிஃப் போட்டு வேறுபாட்டைப் பாருங்கள். முதல் பட்டியலில் மட்டும் இருப்பவைதான், வட்டில் விட்டுப்போனால் சத்தமில்லாமல் காணாமல் போகக்கூடியவை. இதைப் பொறுமையாக, வரி வரியாகப் படிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ், நெட்வொர்க் மேனேஜரின் ஆப்லெட், ஐபஸ்-ஜிடிகே3, ஐஎம்-கான்ஃபிக் போன்ற பெயர்கள் கண்ணில் பட்டால் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டும் இல்லாத கணினியில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியின் பட்டியலில் தமிழ்99 இருக்கும், தேர்ந்தெடுக்கவும் முடியும், ஆனால் எழுதும் இடத்தில் ஆங்கிலமே விழும். காரணம் புரியாமல் விசைப்பலகை அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

பட்டியலும் வட்டும்

இனி சிம்பிள்-சிடிடி. டெபியனின் அதிகாரபூர்வ வட்டுகளை உருவாக்கும் டெபியன்-சிடி கருவியின் மேல் உட்கார்ந்திருக்கும் எளிய மேலுறை இது. ஒரு வேலை அடைவு, அதற்குள் ப்ரொஃபைல்ஸ் என்ற அடைவு, அதற்குள் இந்தக் கோப்புகள்:

- லேப்.பேக்கேஜஸ்: நிறுவலின்போதே போக வேண்டியவை, வரிக்கு ஒன்றாக.
- லேப்.டவுன்லோட்ஸ்: வட்டில் இருந்தால் போதும், பிறகு தேவைப்படுபவர் நிறுவிக்கொள்ளட்டும் என்பவை.
- லேப்.ப்ரீசீட்: நிறுவி (இன்ஸ்டாலர்) கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டிய பதில்கள்.

பேக்கேஜஸ் கோப்பில் நீங்கள் நேரடியாக விரும்பும் பெயர்களும், டிஃப்பில் குறித்துக்கொண்ட ரெக்கமெண்ட்ஸ் பெயர்களும் மட்டும் இருக்கட்டும். நமக்குத் தமிழுக்காக வேண்டியவை: டாஸ்க்-தமிழ்-டெஸ்க்டாப், ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல், லிப்ரேஆஃபிஸ்-எல்10என்-டிஏ, ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர்-எல்10என்-டிஏ, ஐபஸ்-எம்17என், எம்17என்-டிபி. தமிழ்99 விசைப்பலகை வரையறை இந்தக் கடைசிப் பேக்கேஜுக்குள்தான் இருக்கிறது. லைப்ரரிகளின் பெயரைக் கையால் எழுதாதீர்கள். லிப் என்று தொடங்கும் பெயர்களை அடுக்கி வைத்தால், அடுத்த பதிப்பில் லைப்ரரி எண் மாறும்போது பட்டியல் முழுக்க உடையும். யாருக்காக அதைச் சேர்த்தோம் என்பதும் மறந்துபோயிருக்கும்.

'இதுவோ அதுவோ' வரும் இடத்தில் உங்கள் விருப்பத்தை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மின்னஞ்சல் அனுப்பும் சேவை வேண்டும் என்று ஒரு பேக்கேஜ் கேட்டால், டெபியன் முதலில் கொடுப்பது எக்ஸிம்4. உங்களுக்கு போஸ்ட்ஃபிக்ஸ்தான் வேண்டும் என்றால் அதைப் பேக்கேஜஸ் கோப்பில் எழுதினால்தான் வரும். இரண்டும் ஒரே கணினியில் இருக்க முடியாது, ஆனால் ஒரே வட்டில் தாராளமாக இருக்கலாம். ஒன்று பேக்கேஜஸில், மற்றது டவுன்லோட்ஸில். 'கான்ஃப்ளிக்ட் இருக்கிறதே' என்று வட்டிலிருந்தே ஒன்றை நீக்க வேண்டியதில்லை.

ப்ரீசீட் கோப்பில் ஆப்ட்-செட்டப்/யூஸ்_மிரர் என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள். ஆப்ட்-செட்டப்/சர்வீசஸ்-செலக்ட் என்பதை வெறுமையாக விடுங்கள். இரண்டாவது வரியை எழுத மறந்தால், இணையம் இல்லாத கணினியில் பாதுகாப்புக் களஞ்சியத்தைத் தேடி நிறுவி வீணாகக் காத்துக்கிடக்கும்.

பிறகு, ரூட்டாக இல்லாமல் சாதாரணப் பயனராக:

பில்ட்-சிம்பிள்-சிடிடி --டிஸ்ட் புக்வோர்ம் --ப்ரொஃபைல்ஸ் லேப் --ஆட்டோ-ப்ரொஃபைல்ஸ் லேப் --லோக்கல்-பேக்கேஜஸ் ./டெப்ஸ் --டிவிடி

இறக்கிய பேக்கேஜ்கள், அவற்றை அடுக்கும் இடைக்கோப்புகள், இறுதி வட்டு என ஒரே சரக்கு பல பிரதியாக நிற்கும் என்பதால் 20 ஜிபி காலியிடமாவது வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முடிந்ததும் இமேஜஸ் அடைவில் ஐஎஸ்ஓ கோப்பு கிடைக்கும். --டிவிடி விட்டுப்போனால் சிடி அளவுக்கே கணக்குப் போடும். டெஸ்க்டாப் அதில் அடங்காது. டிவிடிக்கும் எல்லை உண்டு: 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட், சில கருவிகளில் இதுவே 4.38 என்று தெரியும். எல்லையைத் தாண்டினால் சில பேக்கேஜ்கள் முதல் வட்டில் இடம்பெறாமல் போகும், நிறுவியோ அவற்றை முதல் வட்டிலேயே தேடும்.

வெளியார் டெப் கோப்புகள்

களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வரும் டெப் கோப்புகளை டெப்ஸ் அடைவில் போடும் முன் ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

டிபிகேஜி-டெப் -எஃப் கோப்பு.டெப் டிபெண்ட்ஸ்

வரும் பட்டியலில் லிப்எஸ்எஸ்எல்3டி64, லிப்அசவுண்ட்2டி64 என்று 'டி64' வாலோடு பெயர்கள் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். 32 பிட் கணினிகளில் 2038-ஆம் ஆண்டு நேரக் கணக்கு நிரம்பி வழியாமல் இருக்க, உபுண்டு 24.04-இலும் டெபியன் 13-இலும் நிறைய லைப்ரரிகளுக்கு இப்படிப் பெயர் மாற்றினார்கள். டெபியன் 12-இல் இருப்பது வால் இல்லாத லிப்எஸ்எஸ்எல்3. புதிய அமைப்புக்குக் கட்டிய டெப் இதில் ஏறாது, எத்தனை லைப்ரரியை இறக்கிக் கொடுத்தாலும் ஏறாது. தலைகீழாகப் பெரும்பாலும் சிக்கல் இல்லை: 64 பிட் கணினிகளில் புதிய பேக்கேஜ்கள் பழைய பெயரையும் ப்ரொவைட்ஸில் அறிவிக்கின்றன. டெபியன் 12-க்கு என்று தனியாகக் கட்டிய கோப்பு இருக்கிறதா என்று கோப்பைத் தந்தவர்களிடமே கேளுங்கள். டெபியன் 13-இலிருந்து நாலு லைப்ரரியைப் பிடுங்கி வந்து ஒட்டினால், அவை புதிய லிப்சி6 கேட்கும், அதைத் தொட்டால் அமைப்பு முழுவதும் ஆடும்.

டிபெண்ட்ஸ் வரியே காலியாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எழுத மறந்திருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். மேலே உருவாக்கிய வெறும் அமைப்புக்குள் அதை நிறுவி, அதன் முதன்மை நிரல் கோப்பின் மேல் எல்டிடி ஓட்டுங்கள். எந்த லைப்ரரிக்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதோ, அதன் பெயரை ஆப்ட்-ஃபைல் சர்ச் கட்டளைக்குக் கொடுத்தால் அது எந்த பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லும். முதன்முறை ஆப்ட்-ஃபைல் அப்டேட் செய்துகொள்ளுங்கள். லைப்ரரிப் பெயரைக் கையால் எழுதலாம் என்று விலக்குத் தரக்கூடிய ஒரே இடம் இதுதான்.

இன்னொரு வகை இருக்கிறது, எந்தக் கருவியும் கண்டுபிடிக்காதது. டிடிஎஃப்-எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ்-இன்ஸ்டாலர் என்ற பேக்கேஜில் எழுத்துரு எதுவும் இல்லை. நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்கும் ஒரு ஸ்கிரிப்ட்தான் இருக்கிறது. பழைய பிராட்காம் வைஃபைக்கான ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலரும் அப்படியே. பெயர் 'இன்ஸ்டாலர்' என்று முடிந்தாலே சந்தேகப்படுங்கள். வன்பொருளும் டிபெண்டென்சி வரிகளில் வராது. கணினியில் இருக்கும் நெட்வொர்க் சிப்புக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக் வேண்டும் என்பதை எந்த பேக்கேஜும் உங்களிடம் கேட்காது. டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ வட்டுகளில் ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. சொந்த வட்டில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

வட்டு தன்னிறைவானதா என்று சோதிப்பது

ஐஎஸ்ஓவை ஓர் அடைவில் மவுண்ட் செய்யுங்கள். டிஸ்ட்ஸ்/புக்வோர்ம்/மெயின்/பைனரி-ஏஎம்டி64 என்ற பாதையில் பேக்கேஜஸ்.ஜிஇசட் இருக்கும். மெயின் தவிர வேறு பிரிவுகள் இருந்தால் அவற்றின் பேக்கேஜஸ் கோப்பையும் எடுத்து, விரித்து, எல்லாவற்றையும் சேர்த்து டோஸ்-டெப்செக்கிடம் கொடுங்கள்:

டோஸ்-டெப்செக் --ஃபெய்லியர்ஸ் --எக்ஸ்ப்ளெய்ன் பேக்கேஜஸ்

டெபியன்-இன்ஸ்டாலர் என்ற உள்ளடைவில் இருப்பது நிறுவியின் சொந்தக் குட்டிப் பேக்கேஜ்கள். அதைச் சேர்க்காதீர்கள், பொய்ப் பிழைகள் கொட்டும். கருவி வட்டுக்குள் இருப்பதை மட்டும் வைத்து ஒவ்வொரு பேக்கேஜையும் நிறுவ முடியுமா என்று பார்க்கும். முடியாதவற்றுக்கு 'ஸ்டேட்டஸ்: ப்ரோக்கன்' என்று வரும், அதன் கீழே 'மிஸ்ஸிங்' தலைப்பில் 'அன்சாட்-டிபெண்டென்சி' வரிதான் முக்கியம். எந்தப் பெயர், எந்தப் பதிப்பு கிடைக்கவில்லை என்று அங்கே இருக்கும். இறுதியில் 'ப்ரோக்கன்-பேக்கேஜஸ்' எண் 0 ஆகும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அதிகம் கண்ணில் படும் முறிவு இப்படி இருக்கும்: லிப்சி6-டெவ் கேட்பது லிப்சி6 (= 2.36-9+டெப்12யு7), வட்டில் இருப்பது 2.36-9+டெப்12யு9. பேக்கேஜ் விட்டுப்போகவில்லை, பதிப்பு ஒத்துப்போகவில்லை. சமக்குறி நிபந்தனை என்பதால் புதியது இருந்தாலும் ஏற்காது. பாதுகாப்புக் களஞ்சியத்திலிருந்து ஒன்றும் பழைய மிரர் (களஞ்சியத்தின் நகல்) ஒன்றிலிருந்து இன்னொன்றும் கலந்துவிட்டன என்று பொருள். யு7-ஐத் தேடிப் பிடித்துப் போடுவது தீர்வல்ல. வேலை அடைவிலுள்ள டிஎம்பி அடைவை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மிரரிலிருந்து ஒரே நேரத்தில் புதிதாக இறக்குங்கள்.

டோஸ் பார்ப்பது தனித்தனியாக. உங்கள் பட்டியல் மொத்தமாகச் சேர்ந்து ஒரே கணினியில் உட்காருமா என்பதை ஆப்ட்டிடம்தான் கேட்க வேண்டும். வெறும் அமைப்பின் சோர்சஸ்.லிஸ்ட்டில் இருக்கும் எல்லா வரிகளையும் எடுத்துவிட்டு, மவுண்ட் செய்த வட்டை மட்டும் ஃபைல் முகவரியாக, ட்ரஸ்டட்=யெஸ் சேர்த்து எழுதுங்கள். ஆப்ட்-கெட் அப்டேட் செய்து, லேப்.பேக்கேஜஸ் முழுவதையும் மறுபடி சிமுலேட் செய்யுங்கள். மோதல்கள் இங்கே வெளிப்படும். வரும் 'இன்ஸ்ட்' பட்டியலை முன்பு சேமித்ததோடு ஒப்பிட்டால், சத்தமில்லாமல் உதிர்ந்த ரெக்கமெண்ட்ஸும் தெரிந்துவிடும்.

நெட்வொர்க் இல்லாத மெய்நிகர்க் கணினி

கடைசிச் சோதனை, மெய்நிகர்க் கணினியை ஓட்டும் க்யூஇஎம்யூவில். 2048 எம்பி நினைவகம், 20 ஜிபி வன்வட்டு, கூடவே '-என்ஐசி நன்'. இந்தத் தெரிவு இல்லாவிட்டால் க்யூஇஎம்யூ தானாகவே இணையத்தைக் கொடுத்துவிடும். நிறுவி வட்டில் இல்லாததை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வாய்ப்பு கிடைத்துவிடும், சோதனை செய்தும் பயனில்லை.

தொடக்கத்திலேயே 'நோ கர்னல் மாட்யூல்ஸ் வேர் ஃபவுண்ட்' என்று வந்தால், நிறுவி ஓடும் கர்னலும் வட்டிலுள்ள மாட்யூல்களும் வெவ்வேறு பதிப்பு. டெபியன் இடைப்பதிப்பு வெளியிடும் நாள்களில் பழைய டிஎம்பி அடைவை வைத்துக்கொண்டு வட்டு கட்டினால் இது வரும். தீர்வு மேலே சொன்னதுதான்.

'செலக்ட் அண்ட் இன்ஸ்டால் சாஃப்ட்வேர்' கட்டத்தில் சிவப்புத் திரை வந்தால் ஆல்ட்+எஃப்4 அழுத்துங்கள். நிறுவியின் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். 'அன்மெட் டிபெண்டென்சீஸ்' என்ற சொற்களுக்குக் கீழே பேக்கேஜ் பெயர் இருக்கும். ஆல்ட்+எஃப்2 ஷெல் தரும்; அங்கே சிஹெச்ரூட் /டார்கெட் செய்து அதே பேக்கேஜை ஆப்ட்-கெட் மூலம் நிறுவிப் பார்த்தால் முழுக் காரணம் கிடைக்கும். நிறுவல் முடிந்த கணினியில் இதே பதிவு /வார்/லாக்/இன்ஸ்டாலர்/சிஸ்லாக் என்ற இடத்தில் இருக்கும்.

நிறுவல் முழுதாக முடிந்தால் உள்ளே நுழைந்து ஆப்ட்-கெட் செக், டிபிகேஜி --ஆடிட் இரண்டையும் ஓட்டுங்கள். இரண்டாவது எதுவும் சொல்லாமல் திரும்ப வேண்டும். பிறகு ஒரு சி நிரலைக் கம்பைல் செய்யுங்கள், ரைட்டரில் தமிழ்99-இல் ஒரு வரி அடியுங்கள், பிரவுசரைத் திறங்கள். லேப்.டவுன்லோட்ஸில் இருப்பவற்றை நிறுவ வட்டைச் செருகி ஆப்ட்-சிடிராம் ஆட் கொடுக்க வேண்டியிருக்கும். கூடத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ப்ரொஃபைல்ஸ் அடைவையும் வெளியார் டெப் கோப்புகளையும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்துக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஓவை வைக்க வேண்டாம். ஒவ்வொரு வட்டுக்கும் அதற்குள் இருக்கும் பேக்கேஜஸ் கோப்பின் ஒரு பிரதியை, கட்டிய தேதியோடு அங்கேயே சேர்த்து வையுங்கள். டெபியன் இடைப்பதிப்பு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். அப்போது புதிதாக வட்டு கட்டி, இரண்டு பேக்கேஜஸ் கோப்புகளையும் டிஃப் போட்டால் எது மாறியது, எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும்.